பாதி இருக்கை, முழு வாடகை



மாலை மயங்கும் வேளையில் விருதுநகர்க் கடைவீதியில் கால் வைப்போரை முதலில் எதிர்கொள்வது மணம். அடுத்து வருவது ஓசை. அகன்ற கல்லில் எண்ணெய் நிற்க, அதனுள் பரோட்டா பொரியும் ஓசை அது. ஏனைய ஊர்களில் கல்லில் சுட்டு எடுக்கப்படும் பரோட்டா இங்கே எண்ணெயில் பொரிந்து மொறுமொறுப்பாக இலைக்கு வருகிறது. உண்பவர் அதனைக் கையாலேயே நொறுக்கிக் குவித்து, மேலே சால்னாவை ஊற்றச் சொல்லி, முற்றும் ஊறிப் போகுமுன் உண்டு முடித்துவிட வேண்டும். இதற்கெனவே நம் மல்லாங்கிணற்றிலிருந்து பேருந்து ஏறிச் சென்று திரும்பும் இளைஞர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதே பரோட்டாவைப் பொட்டலம் கட்டி ஊருக்குக் கொண்டுவந்து பிரித்தால் அது வேறொரு பண்டமாகிவிடுகிறது. மொறுமொறுப்புப் போய், தோல்போல் இழுபடுகிறது.

இச்சிறு செய்தியை முதலில் கூறுவதற்குக் காரணம் உண்டு. கொரோனாக் கொள்ளைநோயின்போது, 2020 மார்ச் 24 மாலை முதல், தமிழகத்து ஓட்டல்கள் பார்சல் மட்டுமே கொடுக்கலாம் என்றாயிற்று. சென்னையிலும் கோவையிலும் பெரிய ஓட்டல்கள் பார்சலால் ஓரளவு தாக்குப்பிடித்தன. பார்சலுக்கு ஒவ்வாத பண்டத்தை விற்கும் எம் பக்கத்துச் சிறு கடைகள் என்ன செய்யும்? அடுப்பை அணைத்தன. 75 நாட்கள் அணைந்தே கிடந்தன.

ஓட்டலில் அமர்ந்து உண்பது வசதி படைத்தோரின் உல்லாசம் என எண்ணுவோர் நம்முள் இருக்கின்றனர். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தாளும் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் எங்கே உண்பார்? சிவகாசி அச்சகத்தில் இரவு வேலை முடித்துத் தனி அறைக்குத் திரும்பும் மணமாகாத இளைஞர் எங்கே உண்பார்? அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருக்கும் கிராமத்துத் தாய் எங்கே கை கழுவிப் பத்து நிமிடம் அமர்வார்? இவர்களுக்கு ஓட்டல் என்பது சோறு மட்டுமன்று. நிழலும் தண்ணீரும் ஓர் இருக்கையுமாகும்.

2020 ஜூன் 8, திங்கட்கிழமை, ஓட்டல்களில் அமர்ந்து உண்ணலாம் என அரசு அனுமதித்தது. ஆலயங்கள் அன்று திறக்கப்படவில்லை. நம் ஆலயத்தில் மக்கள் கூடிய திருப்பலிக்குச் செப்டம்பர் 1 வரை காத்திருக்க நேர்ந்தது. "ஓட்டலைத் திறக்கலாம், கோவிலைத் திறக்கக் கூடாதா சாமி?" என்று நம்மை வழிமறித்துக் கேட்டோர் பலர். அன்று நாமும் உள்ளூரச் சற்று மனம் கசந்தோம் என்பதை மறைப்பானேன்? ஆனால் அவ்வோட்டல்களில் வேலை செய்வோரும் நம் பங்கு மக்களே என்பதை நினைத்தபோது கசப்பு நீங்கிற்று.

அன்றைய ஆணையில் இரு முக்கியக் கூறுகள் இருந்தன. இருக்கைகளுள் பாதி மட்டுமே நிரம்பலாம். குளிர்சாதனம் இருந்தாலும் அதனை இயக்கக் கூடாது. நடுவண் அரசின் சுகாதாரத் துறை ஜூன் 4 அன்று வெளியிட்ட நெறிமுறைகளோ, ஆறடி இடைவெளி, பாதி இருக்கை ஆகியவற்றோடு, குளிர்சாதனத்தை 24 முதல் 30 பாகைக்குள் வைத்து இயக்கலாம் என்று கூறின. தமிழக அரசு அதனை முற்றாகவே நிறுத்தியது. அக்காலத்தில் இஃது ஒரு வீண் கெடுபிடி என்று ஓட்டல்காரர்கள் முணுமுணுத்தனர். பின்னோக்கிப் பார்க்கையில், அன்று பிறந்த விதிகள் அனைத்திலும் மிகச் சரியானது இதுவே என நாம் கருதுகிறோம்.

ஏன் என்பதற்குச் சீனத்து நிகழ்ச்சி ஒன்று சான்று. 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்திய நாள். குவாங்சோ நகரில் சன்னலற்ற ஓர் உணவு விடுதியின் மாடியில், வரிசையாகக் கிடந்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள் அமர்ந்து உண்டன. ஒரு குடும்பம் வூகானிலிருந்து வந்தது. அவர்களுள் ஒருவருக்கு அன்றே காய்ச்சல் கண்டது. மேசைகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி இருந்தது. ஒரு குடும்பத்தினர் மற்றவரைத் தொடவில்லை. ஒருவர் பாத்திரத்தை மற்றவர் எடுக்கவில்லை. எனினும் அம்மூன்று குடும்பங்களிலுமாக 10 பேருக்கு நோய் கண்டது. அதே மாடியில் வேறு மேசைகளில் உண்டவர்க்கும் பரிமாறியவர்க்கும் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் காற்று அந்த மூன்று மேசைகளின் மேலேயே சுற்றிச் சுற்றி வந்ததும், வெளிக்காற்று போதிய அளவு உள்ளே வராததுமே காரணம் என ஆய்ந்தவர் கூறினர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தென்கொரியாவின் ஜியோன்ஜு நகரத்து விடுதி ஒன்றில் ஆறரை மீட்டர் தொலைவில் இருந்தவருக்கு ஐந்தே நிமிடத்தில் தொற்று ஏறியதாக மற்றோர் ஆய்வு கண்டது. அங்கும் காற்றின் போக்கே பழி சுமந்தது. ஆறடி தள்ளி அமர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்ற நம்பிக்கை எங்கே போயிற்று?

ஆனால் 2020-இல் நாம் எதற்கு அஞ்சினோம்? மேசைக்கு அஞ்சினோம், தம்ளருக்கு அஞ்சினோம், ரூபாய் நோட்டுக்கு அஞ்சினோம். கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் வரைந்தோம். கிருமிநாசினித் திரவத்தைக் கையில் ஊற்றாமல் எவரையும் உள்ளே விடவில்லை. நெற்றிக்கு நேரே துப்பாக்கி போன்றதொரு கருவியைப் பிடித்து வெப்பம் பார்த்தோம். இவற்றுள் கை கழுவுதல் எக்காலத்திற்கும் நன்றே. ஆயினும் பொருட்களைத் தொட்டு நோய் பெறுவதற்கான வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் கூறிவிட்டது. வெப்பமானியோ, காய்ச்சல் தோன்றுமுன்னரே நோயைப் பரப்பும் ஒருவரைக் கண்டுபிடிக்க வல்லதன்று. மாத்திரை விழுங்கி வந்தவரையும் அது கண்டுபிடிக்காது. இதனை மறந்துவிடாதீர்கள், பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இங்கே எம் ஊர்ப்புறத்துக் கடைகளின் சார்பில் ஒரு சொல். பரோட்டாக் கல் கடையின் முகப்பில் இருக்கும். முன்பக்கம் கதவே கிடையாது. இரவில் பலகை அடுக்கினால்தான் அடைப்பு. பின்பக்கம் பாத்திரம் துலக்கும் வெளி. முன்னும் பின்னும் காற்று தடையின்றிப் போய்வரும். உண்பது வாழை இலையில். உண்டபின் இலை குப்பைக்குப் போகும். தண்ணீரையோ நம்மவர் உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பவர். நாகரிகமற்றவை என்று நாம் கடந்து சென்ற கீற்றுக் கொட்டகைக் கடைகள், கண்ணாடிக் கதவிட்ட குளிர் அறைகளைவிட அந்த நாட்களில் பாதுகாப்பாக இருந்தன. கடைக்காரருக்கே இது தெரியாது. தெரிந்திருந்தால் தொற்றுக்கு அஞ்சி முன்பக்கத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடியிருக்க மாட்டார்! அவ்வாறு மூடிய கடை ஒன்றை நாமே கண்டோம். உள்ளே இருப்போர் வெந்து தணிந்தனர்.

அதற்காக அக்கடைகளில் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. இரண்டு இடங்கள் மெய்யாகவே ஆபத்தானவை; ஆணை எழுதியோர் அவற்றைக் கண்டதாகத் தெரியவில்லை. முதலாவது, கை கழுவும் குழாயடி. மூலையில், மூன்றடி இடத்தில், ஒரே குழாய். உண்டு முடித்தோர் முகக்கவசம் இன்றி நெருங்கி நின்று வாய் கொப்பளிப்பதும் காறுவதும் அங்கேதான். இரண்டாவது, காத்திருப்போர். நம் ஊர்களில் இடம் பிடிப்பது எவ்வாறு? உண்டுகொண்டிருப்பவரின் முதுகுக்குப் பின்னே போய் நின்று, அவர் இலையை மடிக்கும் வரை அவர் தலைக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டிருப்பது. பாதி இருக்கை விதி வந்தபின் காத்திருப்போர் தொகை இரட்டித்தது. நான்கு பேர் அமரும் மேசையில் இருவர். அவ்விருவர் பின்னே நால்வர். இருக்கையை எண்ணிய அதிகாரி, நிற்போரை எண்ணவில்லை.

நேரக் கட்டுப்பாடும் இவ்வாறே. 2020 செப்டம்பரில் அமர்ந்து உண்ண இரவு 8 மணி வரை, பார்சலுக்கு 9 மணி வரை என்றிருந்தது. அக்டோபரில் அவை ஒரு மணி நேரம் தள்ளப்பட்டன. இட்லிக் கடைக்கு இதனால் பெருங்கேடு இல்லை. விளக்கு வைத்தபின் வியாபாரம் தொடங்கும் பரோட்டாக் கடைக்கோ கிடைத்தது இரண்டு மணி நேரம். ஐந்து மணி நேரத்தில் பரவலாக வந்து போகும் கூட்டத்தை இரண்டு மணி நேரத்திற்குள் அடைத்தால் நெரிசல் குறையுமா, கூடுமா? நேரத்தைச் சுருக்குவதைவிட விரிப்பதே கூட்டத்தைக் கலைக்கும் வழி என்பது சந்தைக்குப் போய்வரும் மூதாட்டியும் அறிந்தது. ஆனால் அடைக்கும் நேரம் தப்பினால் என்ன நேருமோ என்ற அச்சம் கடைக்காரர் நெஞ்சில் இருந்தது. கடையை நேரம் கடந்து திறந்து வைத்ததாகக் கூறிச் சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் தந்தையும் மகனும் காவலில் இருக்கையில் மாண்ட செய்தியைப் படிக்காத கடைக்காரர் எவர்? அதன்பின் எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையிலேயே பலகை அடுக்கும் ஓசை கேட்கும்.

கணக்கையும் சற்றுப் பார்ப்போம். ஆறு மேசை, 24 இருக்கை உள்ள கடை என வைத்துக்கொள்ளுங்கள். பாதி என்றால் 12. வாடகை பாதியாயிற்றா? இல்லை. கல் சூடேற வேண்டிய எரிபொருள் 12 பேருக்கும் 24 பேருக்கும் ஏறத்தாழ ஒன்றே. மாஸ்டர் ஒருவர் இல்லாமல் கடை இல்லை. அவர் சம்பளமும் முழுமையே. எனவே எங்கே வெட்டுவது? சப்ளையரில் வெட்டுவது. நால்வர் இருந்த இடத்தில் இருவர். எஞ்சிய இருவரும் ஒரு நாளும் விடுப்பு எடுக்க இயலாத நிலை. நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்ததே இதனைச் சொல்லத்தான்.

நம் பங்கைச் சேர்ந்த ஒருவர், பெயர் வேண்டாம். குடும்பத்தார் எழுதலாம் என்று இசைவு தந்த பின்னரே எழுதுகிறோம். நகரத்து ஓட்டல் ஒன்றில் சப்ளையர். நாட்கூலி 400 ரூபாய். ஊரடங்கில் 75 நாட்களும் கூலி இல்லை. வட்டிக்கு வாங்கி உண்டனர். ஜூனில் கடை திறந்தது. ஜூலையில் எம் மாவட்டத்தில் நோய் வேகமாகப் பெருகிய வாரங்களில் ஒருநாள் அவருக்கு உடம்பு காய்ந்தது. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை என்பது மட்டுமன்று. வேலையே இல்லாது போகும். வாசலில் காத்திருப்போர் அநேகர். பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார். கடை வாசலில் நெற்றிக்கு நேரே பிடித்த கருவி பச்சை விளக்கைக் காட்டிற்று. உள்ளே போனார். சால்னா வாளியை ஏந்தி, ஒவ்வோர் இலை மீதும் குனிந்து, "இன்னும் ஊத்தவாண்ணே?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றினார். மூன்று நாட்கள்! நான்காம் நாள் வாளியை முகத்தருகே கொண்டுபோனபோதும் சால்னாவின் மணம் தெரியவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர் பிழைத்தார். எழுபதைக் கடந்த தந்தை பிழைக்கவில்லை. பாதுகாப்பு உடை அணிந்த சிலர் சுமந்து வர, கல்லறைத் தோட்டத்தில் நாமும் அவருடைய அண்ணன் ஒருவருமாக நின்றோம். நோயில் படுத்திருந்த மகன் வரவில்லை. அந்த ஓட்டலில் உண்டோருள் எத்தனை பேர் வீட்டிற்கு நோய் சென்றது என்பதை யார் அறிவார்?

அவ்வாரத்தில், காய்ச்சல் தொடங்குமுன், அவர் நம்மிடம் வந்திருந்தார். அரிசியும் பருப்பும் கொண்ட பை ஒன்றைக் கொடுத்து அனுப்பினோம். "உடம்பு முடியாமற் போனால் என்ன செய்வாய்?" என்று ஒரு கேள்வி கேட்க நமக்குத் தோன்றவில்லை. அதே மாதம் வெப்பமானிகளும் கிருமிநாசினிப் போத்தல்களும் வாங்கிப் பல கடைகளுக்கு வழங்கினோம், படமும் எடுத்துக்கொண்டோம். அப்பணத்தில் எத்தனை பேருக்குப் பத்து நாள் கூலி கொடுத்திருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டுப் பார்த்தபோது, அப்படத்தைப் பார்க்க மனம் வரவில்லை.

இவ்விடத்தில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டைப் பற்றி, அதாவது ஈ.எஸ்.ஐ. பற்றி, ஒன்று கூறியாக வேண்டும். 1948-இல் சட்டமான திட்டம் இது. இதில் சேர்ந்து உரிய காலம் சந்தா செலுத்திய தொழிலாளி நோயுற்றால், மருத்துவர் சான்றின்பேரில், கூலியில் நூற்றுக்கு 70 பங்கு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். கொள்ளைநோய்க் காலத்திற்கென்றே நெய்த போர்வை போன்றது! ஆனால் அப்போர்வை, பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களுக்கே எட்டும். நான்கு பேர், ஐந்து பேர் வேலை செய்யும் பரோட்டாக் கடை அதற்கு வெளியே நிற்கிறது. பத்துக்கு மேல் ஆள் வைத்திருந்தும், ஒன்பது பேரையே ஏட்டில் காட்டும் முதலாளிகள் உண்டு என்பதை நாம் கூறித்தான் வாசகர் அறிய வேண்டுமா? ஆறடி இடைவெளியைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவர்கள், காய்ச்சல் கண்ட சப்ளையர் வீட்டில் இருந்தால் அவர் வீட்டு உலை எப்படிக் கொதிக்கும் என்பதை எழுதவில்லை.

இரண்டாம் அலை வந்தது. 2021 ஏப்ரல் 26 முதல் மீண்டும் பார்சல் மட்டும். மே மாதத்தில் முழு ஊரடங்கு. அந்த மே மாதத்துத் துயரை இங்கே விரிக்கப் புகுந்தால் இக்கட்டுரை வேறாகிவிடும். ஜூலை 5 முதல் மாநிலம் முழுவதும் பாதி இருக்கையுடன் ஓட்டல்கள் திறக்கலாம் என்ற அறிவிப்பு வந்தபோது, சென்ற ஆண்டின் பிழை நம்மை உறுத்திற்று. நமக்குத் தெரிந்த நான்கு கடைக்காரர்களை அறைவீட்டுத் திண்ணைக்கு அழைத்தோம். ஒருவர் நம் பங்கினர், ஒருவர் இஸ்லாமியர், இருவர் இந்துக்கள். நான்கு கடைகளிலுமாகப் பணியாட்கள் 18 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 ரூபாய் முதலாளி போடுவது. அதே அளவு நம் அன்பியக் குடும்பங்கள் போடுவது. காய்ச்சலோ இருமலோ கண்டவர் பத்து நாள் வீட்டிலிருந்தால் அரைக் கூலி அந்த நிதியிலிருந்து கொடுப்பது. இவ்வளவுதான் திட்டம். இஸ்லாமிய அன்பர் உடனே இசைந்தார். நம் பங்கினர்தான் தலையைச் சொறிந்தார். "காய்ச்சல் வராதவனுக்கும் காய்ச்சல் வரும் சாமி!" என்றார்.

அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஏழு மாதங்களுக்குள் ஏழு பேர் அந்நிதியைப் பெற்றனர். அவர்களுள் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டதும் அவர் மைத்துனர் திருமணமும் ஒரே வாரத்தில் நேர்ந்தது வியப்பிற்குரியதே! நாம் துருவிக் கேட்கவில்லை. அறுவர் மெய்யாகவே நோயுற்றிருந்தனர். அறுவரும் வீட்டிலேயே இருந்தனர். கூடவே வேறு சிலவும் செய்தோம். கை கழுவும் குழாயைக் கடைக்கு வெளியே மாற்றினர். காத்திருப்போர்க்கு எண் எழுதிய அட்டை கொடுத்து வேப்பமரத்தடியில் நிற்க வைத்தனர். செப்டம்பர் 12 அன்று மாநிலமெங்கும் நடந்த பெருந்தடுப்பூசி முகாமில், அதுவரை ஊசிக்கு அஞ்சி ஒளிந்துகொண்டிருந்த இரு மாஸ்டர்களைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றோம். பல கிலோ மாவை அடித்துத் துவைக்கும் கை, ஓர் ஊசி முனையைக் கண்டு நடுங்கியதைப் பார்க்க வேண்டுமே!

2022 ஜனவரியில் மூன்றாம் அலையின்போது மறுபடியும் பாதி இருக்கை, ஞாயிறு ஊரடங்கு. ஒரே வாரத்தில் நால்வருக்கு நோய். நிதியில் சில நூறு ரூபாய் குறைந்தது. "வராதவனுக்கும் வரும்" என்றவரே அதனை ஈடு செய்தார். அதன்பின் நோய் தணிந்தது, முகக்கவசம் மறைந்தது, இரண்டு ரூபாயும் மெல்ல மெல்ல நின்றது. எவரும் நிறுத்துவோம் என்று கூறவில்லை. தானாகவே நின்றது.

சென்ற மாதம் அந்த நால்வருள் ஒருவர் தம் கடையை விரித்து, மாடியில் 'ஏ.சி. ஹால்' ஒன்று கட்டித் திறப்பு விழாவுக்கு அழைத்தார். போனோம். மகிழ்ச்சியே, உழைத்து உயர்ந்தவர். ஏறிப் பார்த்தோம். தெருப்பக்கம் சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் வைத்துப் பூசி, பெரியதோர் அருவிப் படம் ஒட்டியிருந்தனர். புறக்காற்று வர வழி எங்கே என்று கேட்டோம். மூலையில் வெளியேற்றும் விசிறி ஒன்றைக் காட்டினார். அது சுழலவில்லை. "போட்டா குளிர் போயிருது சாமி" என்றார். இப்போது எத்தனை பேர் வேலை செய்கின்றனர் என்று வினவினோம். "பன்னிரண்டு பேர்" என்று பெருமையோடு கூறினார். ஈ.எஸ்.ஐ. பதிந்தாயிற்றா என்றோம். கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே, "அடுத்த மாசம் பதிஞ்சிருவோம்" என்றார். அடுத்த மாதம் முதல் வாரத்தில் மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டு, கீழே இறங்கி, கல்லுக்கு அருகே பழைய பெஞ்சில் அமர்ந்து இரண்டு பரோட்டா உண்டோம்.